காசுக்குத் திறக்கும் தாள்!

அரசியல் விளம்பரம் ஒன்றைச் செய்தித்தாள் ஏற்க மறுக்கும்போதெல்லாம் இருவகைக் கூக்குரல்கள் எழுகின்றன. மறுக்கப்பட்டவர், ‘பேச்சுரிமை கொலையுண்டது’ என்று அலறுகின்றார். மறுத்தவரோ, ‘தாள் எம்முடையது, இடுவதும் விடுவதும் எம் விருப்பம்’ என்று கதவடைக்கின்றார். இவ் விரண்டும் அரைமெய்கள். அரைமெய் முழுப்பொய்யினும் கொடியது. பாதி மெய்யைக் காட்டி மறுபாதிப் பொய்யை விற்றுவிட அஃது இடந்தரும். கேட்கப்பட வேண்டிய கேள்வி ஒன்றே: மறுக்கப்பட்டது பொய்யா, அன்றிச் சுடுகின்ற மெய்யா? இக் கேள்வியைக் கேளாமல் ஏற்கின்ற தாளும் பிழை செய்கின்றது; கேளாமல் மறுக்கின்ற தாளும் பிழை செய்கின்றது.

விளம்பரம் என்னும் சொல் விளம்புதல் என்னும் வினையடியாகப் பிறந்தது. விளம்புதலாவது பலரறியச் சொல்லுதல். ஆகலின் விளம்பரமும் பேச்சே, ஐயமில்லை. ஆயின், நாவாற் பேசுதற்கு விலையில்லை. தாளிற் பேசுதற்கு விலையுண்டு. விலையுள்ள இடத்தில் வாங்க வல்லான் ஒருவன், வல்லாதார் ஆயிரவர். இவ் வேறுபாட்டை மறைத்துப் பேச்சுரிமை பேசுவோர் உண்மையிற் பேசுவது காசின் உரிமையையே ஆகும். தாள் என்னும் சொல்லுக்கு எழுதும் ஏடு என்றும், கதவை அடைக்கும் தாழ் என்றும் இருபொருள் உண்டு. இற்றை நாளிதழ்கள் பலவற்றுக்கு அவ் விருபொருளும் ஒருங்கே பொருந்துகின்றன. காசுள்ளவன் வந்தால் தாள் திறக்கின்றது. காசற்றவன் வந்தால் தாள் விழுகின்றது.

தூத்துக்குடி கண்ட வாய்ப்பூட்டுகள்

வாய்ப்பூட்டின் வரலாற்றை அறிய விரும்புவோர் தூத்துக்குடியைப் பார்த்தல் போதும். 1906-ஆம் ஆண்டு அக்தோபர்த் திங்களில் வ.உ.சிதம்பரனார் அங்குச் சுதேசி நாவாய்ச் சங்கத்தைப் பதிவு செய்தார். பங்கொன்று 25 உருபாவாக 40,000 பங்குகள். மொத்த முதல் 10 இலக்கம் உருபா. அப் பங்குகளை விற்க அவர்க்கு வாய்த்த கருவிகள் பேச்சும் எழுத்துமே. எதிரே நின்ற வெள்ளையர் கப்பற் குழுமம் கட்டணத்தைக் குறைத்துப் போரிட்டது. ஆயினும் பேச்சு வென்றது. காலியா, இலாவோ என்னும் இரு கப்பல்கள் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தன.

ஆங்கில அரசு என் செய்தது? கப்பலைப் பேசவைத்த வாயை அடைத்தது. ஆர்வி ஆலைத் தொழிலாளரின் வேலைநிறுத்தம் வெற்றியுடன் முடிந்த சின்னாட்களில், 1908 மார்ச்சு 12-இல், சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் சிறைப்பிடிக்கப்பட்டனர். அவர்கள்மேற் சாற்றப்பட்ட குற்றம் கொலையன்று, கொள்ளையன்று, மேடைப்பேச்சு! சிதம்பரனார்க்கு முதலில் விதிக்கப்பட்டது வாழ்நாள் நாடுகடத்தல். மேல்முறையீட்டில்தான் அது குறைக்கப்பட்டது. அதே ஆண்டு சூன் திங்களில் அச்சகங்களையே பறித்துக்கொள்ள வழிசெய்யும் சட்டம் ஒன்று வந்தது. பாரதியாரின் ‘இந்தியா’ இதழுக்கு வெளியீட்டாளராகப் பதிவாகியிருந்த சீனிவாசன் சிறை புகுந்தார். இதழ் புகலிடந் தேடிப் புதுச்சேரிக்குப் போயிற்று. 1910-இல் வந்த மற்றொரு சட்டம் அச்சகத்தாரிடம் பிணைப்பணம் கேட்டது. பேசுவதற்கு முன் பணத்தைக் கட்டு என்னும் முறை அன்றே தொடங்கிவிட்டது. அன்று கேட்டவன் அரசன். இன்று கேட்பவன் தாள் முதலாளி.

நூற்றுப் பத்தாண்டுகள் கழிந்தன. வெள்ளையன் போய்விட்டான்; பூட்டு போகவில்லை. அ.குமரெட்டியாபுரம் என்னும் சிற்றூரில் தொடங்கிய, இசுடெர்லைட்டு ஆலை விரிவாக்கத்துக்கு எதிரான போராட்டம் தன் 100-ஆம் நாளை எட்டியபோது, 2018 மே 22-இல், மக்கள் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தை நோக்கி நடந்தனர். அன்றும் மறுநாளும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் மாண்டனர். மீனவர் வாழும் திரேசுபுரத்தில் வீழ்ந்த பெண்ணும் அவருள் ஒருவர். அதனையடுத்துத் தூத்துக்குடி, திருநெல்வேலி, குமரி ஆகிய மூன்று மாவட்டங்களில் இணையம் துண்டிக்கப்பட்டது. சுட்டவர் கூற்று நாடெங்கும் ஒலித்தது. சுடப்பட்டவர் ஊர் மட்டும் ஊமையாக்கப்பட்டது.

பின்னர் நடந்ததை ஊன்றி நோக்குதல் வேண்டும். 2022 சூன் 20-இல் அவ் வாலையை விற்பதற்கு விருப்பங் கேட்டு வேதாந்தா குழுமத்தின் விளம்பரம் நாளிதழ்களில் வெளிவந்தது. துப்பாக்கிச் சூட்டை உசாவிய அருணா செகதீசன் ஆணையத்தின் அறிக்கையோ, அதே ஆண்டு அக்தோபரில்தான் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. காவல்துறை வரம்பு மீறியது என்பதை அவ் வறிக்கை கூறிற்று. ஆலைக்காரர் சொல் அவர் குறித்த நாளில் தாளேறியது. மாண்டார் பக்கத்து மெய்யோ நான்காண்டுக்கு மேலும் காத்துக் கிடந்தது!

ஆலையை விற்பதற்கு விளம்பரம் செய்யும் உரிமை அக் குழுமத்துக்கு உண்டு. அதனை எவரும் மறுக்க வேண்டா. ஆனால், அதே நாளில் திரேசுபுரத்து மீனவரும் உப்பளத் தொழிலாளரும் தம் கூலியிற் காசு சேர்த்து, ‘இவ் வாலையை எவரும் வாங்கற்க, இஃது எம் மண்ணுக்கு வேண்டா’ என்று ஒரு விளம்பரம் கொண்டு சென்றிருப்பின், எத்தனை தாள்கள் அதனை ஏற்றிருக்கும்? ‘சர்ச்சைக்குரியது’ என்னும் வடசொல்லை முத்திரையாகக் குத்தித் திருப்பி அனுப்புவதன்றோ வழக்கம்? ஆலை விற்பனைக்கு என்றால் அது வணிகம்; ஆலை வேண்டா என்றால் அது சர்ச்சை! ஆள்பவனுக்கும் உடையவனுக்கும் உவப்பில்லாத சொல்லுக்கு இடப்பட்ட பெயரே சர்ச்சை என்பதைத் தமிழர் உணர்தல் வேண்டும்.

சுட்ட மெய்கள்

சூடாக இருப்பது ஒன்றையே கரணியமாகக் காட்டி விளம்பரத்தை மறுப்பதாயின், உலகில் தலையாய விளம்பரங்கள் எவையும் அச்சேறியிருக்க மாட்டா. 1975-ஆம் ஆண்டு சூன் திங்களில் நெருக்கடி நிலை சாற்றப்பட்டுத் தாள்கள் தணிக்கைக்கு உட்பட்ட வேளையில், மும்பை ‘டைம்சு ஆப் இந்தியா’ நாளிதழின் இறப்பறிவிப்புப் பகுதியில் மிகச் சிறிய விளம்பரம் ஒன்று வந்தது. குடியாட்சி என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லை ஆட்பெயர் போல உடைத்தெழுதி, வாய்மையைத் துணைவியாகவும் உரிமையைப் பிள்ளையாகவும் உடைய அவர் சூன் 26-இல் இறந்துபட்டார் என்று அறிவித்தது அது. ஆசிரியவுரை எழுத அஞ்சிய நாட்டில், சில வரி விளம்பரம் மெய்யைச் சொல்லிற்று.

தமிழ்நாட்டிலும் அந் நாளில் அத்தகையது ஒன்று நிகழ்ந்தது. 1976 சனவரி 31-இல் தி.மு.க. அரசு கலைக்கப்பட்டு, அக் கட்சியினர் சிறையில் அடைக்கப்பட்டனர். சிறைப்பட்டோர் பெயரை வெளியிடத் தணிக்கை இடங்கொடாதபோது, பிப்பிரவரி 3-இல் அண்ணா நினைவிடத்துக்கு மலர்வளையம் வைக்க வர இயலாதோர் என்று ஒரு பெயர்ப்பட்டியலை ‘முரசொலி’ வெளியிட்டது. வர இயலாமைக்குக் கரணியம் என்னவென்று படித்தவர் எல்லாரும் அறிந்துகொண்டனர். அறிவிப்பின் போர்வையில் வந்தது அரசியலே; ஆயினும் அது மெய்.

அமெரிக்க நாட்டில் 1960 மார்ச்சு 29-இல் ‘நியூயார்க்கு டைம்சு’ தாள் ஒரு முழுப்பக்க விளம்பரத்தை ஏற்றது. மார்ட்டின் உலூதர் கிங்கையும் கருப்பின மாணவர் போராட்டத்தையும் காக்கப் பொருளுதவி கேட்ட விளம்பரம் அது. அதில் சிறுசிறு பிழைகள் இருந்தன. அவற்றைப் பற்றிக்கொண்டு, மாண்ட்கோமரி நகர ஆளுநர்க்குழுவினருள் ஒருவரான சல்லிவன் வழக்கிட்டார். அலபாமா மன்றம் 5 இலக்கம் தாலர் தண்டம் விதித்தது. 1964-இல் அமெரிக்க உச்ச முறைமன்றம் அத் தீர்ப்பைத் தள்ளியது. பொய்யென்று அறிந்தோ மெய்யா பொய்யா என்னும் கருத்தே இன்றியோ எழுதினாலன்றி, ஆட்சிப் பொறுப்பிலுள்ளார் பற்றிய எழுத்தைத் தண்டிக்கலாகாது என்பது அம் மன்றத்தின் முடிபு. பிழை வேறு, பொய் வேறு. வழக்கறிஞர் கல்லூரியில் மட்டுமன்றி ஒவ்வொரு தாளின் விளம்பரப் பிரிவிலும் எழுதி மாட்டவேண்டிய வேறுபாடு இது.

மறுத்திருக்க வேண்டியவை

மறுக்கத் தக்கவற்றை நம் தாள்கள் மறுத்தனவா என்றால், அதுவும் இல்லை. 2021 மார்ச்சில் அசாம் மாநிலத்தில் முதற்கட்ட வாக்கெடுப்பு முடிந்த மறுநாள், பா.ச.க. மேல் அசாமின் எல்லாத் தொகுதிகளையும் வெல்லும் என்னும் விளம்பரம் தலைப்புச் செய்தியின் கோலத்தில் முதற்பக்கங்களில் வந்தது. வாக்குகள் எண்ணப்படுமுன் வெற்றிச் செய்தி! தேர்தல் ஆணையம் எட்டுத் தாள்களுக்கு விளக்கங் கேட்டு மடல் விடுத்தது. அடுத்த சில நாட்களில், தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தேர்தல் வாக்கெடுப்பு நெருங்கிய வேளையில், ஆளுங்கட்சியாக இருந்த அ.இ.அ.தி.மு.க. எதிர்க்கட்சியாகிய தி.மு.க.வைத் தாக்கிச் செய்தி போன்ற உருவில் இட்ட விளம்பரங்கள் முன்னணித் தாள்களின் முகப்பை மூடின. தி.மு.க. தேர்தல் ஆணையத்திடம் முறையிட்டது. இங்குக் குற்றம் தாக்கியதில் இல்லை. தேர்தலில் ஒரு கட்சி மற்றொன்றைத் தாக்குவது இயல்பே. விலைக்கு விற்ற பக்கத்துக்குச் செய்தியின் உடையை உடுத்தியதே குற்றம். வாக்காளன் நம்பிக்கையைத் திருடி விற்றவனுக்கும் பிற திருடனுக்கும் வேறுபாடு யாது?

2024 மே 20-இல் கல்கத்தா உயர் முறைமன்றம், திரிணாமுல் காங்கிரசை இழித்துரைக்கும் விளம்பரங்களைப் பா.ச.க. வெளியிடலாகாதென ஆணையிட்டது, முறையீடுகள் வந்தும் உரிய காலத்திற் செயற்படத் தவறியதாகத் தேர்தல் ஆணையத்தையும் கடிந்தது. மே 27-இல் உச்ச முறைமன்றமும் அவ் வாணையில் தலையிட மறுத்தது. இதனைக் கண்டு மகிழ்வோர் ஒருகணம் நின்று எண்ணுதல் நன்று. அவ் விளம்பரங்கள் முதலில் வந்தவை யாருடைய தாள்களில்? அவற்றை வாங்கி அச்சிட்ட ஆசிரியர்கள் படித்துப் பார்த்துத் தாமே மறுத்திருப்பின், மன்றத்தின் ஆணைக்கு வேலை ஏது? தாள் தன் கடமையைச் செய்யாதவிடத்து ஆட்சியின் கை நுழைகின்றது. நுழைந்த கை எளிதில் வெளியேறுவதில்லை.

பூட்டின் திறவுகோல் யார் கையில்?

‘ஆயின் அரசே ஒரு சட்டமியற்றித் தகாத விளம்பரங்களைத் தடுக்கட்டுமே’ என்பார் சிலர். அறியாமையின் உச்சி இது! இந்திய அரசியல் சட்டத்தின் 19-ஆம் கூறு பேச்சுரிமையைத் தந்தது. தந்த மை காயுமுன், 1951-இல், முதல் திருத்தத்தால் அதற்கு வேலியிட்டனர். 1963-இல் 16-ஆம் திருத்தம் வந்தது. நாட்டின் இறைமை, ஒருமைப்பாடு என்னும் பெயரில் மேலும் ஒரு வேலி. அவ் வேலி யாரை நோக்கி இடப்பட்டது? திராவிடநாடு கேட்ட தெற்கை நோக்கி! தி.மு.க. அக் கோரிக்கையைக் கைவிட்டதும் அவ் வாண்டிலேயே. சட்டத்தால் வாயடைக்கும் கருவியைத் தில்லிக்குக் கொடுத்தால், அது முதலில் யார் வாயில் விழும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

தில்லிதான் அப்படி, தமிழ்நாட்டு ஆட்சியாளர் நல்லவர் என்று எண்ணுதற்கும் இடமில்லை. 1987-இல் ஒரு கருத்துப்படத்துக்காக ‘ஆனந்த விகடன்’ ஆசிரியர் பாலசுப்பிரமணியனைச் சட்டமன்றம் சிறைக்கு அனுப்பியது. 2003 நவம்பரில் ‘இந்து’ நாளிதழின் ஆசிரியவுரை ஒன்றுக்காக அதன் பொறுப்பாளர்க்கும், அதனைத் தமிழில் வெளியிட்ட ‘முரசொலி’ ஆசிரியர்க்கும் 15 நாள் சிறை விதித்தது. அண்மையில், 2024 மே திங்களில், அரசின் வானொலியும் தொலைக்காட்சியும் தேர்தற் பேச்சு நிகழ்த்த வந்த சீதாராம் யெச்சூரியும் தேவராசனும் கூறவிருந்த சில சொற்களை நீக்கச் செய்தன. ஒரு கட்சித் தலைவர் தம் ஆட்சிக் குறைகூறலில் எச் சொல்லை ஆளலாம் என்பதை அரசின் அலுவலர் முடிவு செய்கின்றார் என்றால், குடியாட்சி என்பதற்கு என்ன பொருள்?

அரசிடம் வேறொரு பூட்டும் உண்டு. அது விளம்பரம் தராமை. 2019-இல் காசுமீரத்தில் இரு நாளிதழ்களுக்கு அரசு விளம்பரம் நிறுத்தப்பட்டபோது, அங்குள்ள தாள்கள் முதற்பக்கத்தை வெறுமையாக விட்டுத் தம் எதிர்ப்பைக் காட்டின. தாள் விளம்பரத்தை மறுப்பது ஒருவகை. விளம்பரம் தாளை மறுப்பது மறுவகை. அரசு விளம்பரத்தையே உணவாக உண்டு வாழும் தாள், அரசுக்கு எதிரான விளம்பரத்தை ஏற்குமென்று எதிர்பார்த்தல் பேதைமை.

அவ்வாறாயின் தாள்களை வலிந்து ஏற்கச் செய்யலாமோ எனின், அதுவும் ஆகாது. தாக்கப்பட்ட வேட்பாளர்க்கு மறுமொழி இடம் தந்தே தீரவேண்டுமென்ற புளோரிடா மாநிலச் சட்டத்தை 1974-இல் அமெரிக்க உச்ச முறைமன்றம் செல்லாதென்றது. அச்சிடாதே என்னும் ஆணையும், அச்சிட்டே ஆகவேண்டும் என்னும் ஆணையும் ஒரே கையின் இருவிரல்கள். இந்திய உச்ச முறைமன்றமும் 1961-இல், தாள்களின் பக்கத்தையும் விளம்பர இடத்தையும் அரசு வரையறுப்பது பேச்சுரிமைக்கு மாறு என்று ‘சகால்’ வழக்கில் தீர்ப்பளித்தது. ஆகவே மறுக்கும் உரிமை தாளுக்கே உரியது. ஆயின், உரிமை என்பது நெறியின்மை அன்று.

சல்லடை ஒன்றாதல் வேண்டும்

தாளுக்குரிய நெறியைத் தூத்துக்குடிக் கடற்கரையே கற்பிக்கின்றது. கொற்கைக் காலந்தொட்டு முத்துக்குப் பெயர்பெற்ற கரை அது. 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஓய்ந்துபோகும்வரை அங்கு நடந்த முத்துக்குளிப்பில், சிப்பிகள் வாய் திறவாமலே ஆயிரக்கணக்கில் ஏலம் போயின. உள்ளே முத்துண்டா இல்லையா என்பது வாங்கியவன் ஊழ். ஆனால், எடுத்த முத்தைத் தரம் பிரிக்கையில் ஊழுக்கு இடமில்லை. இருபது கண்ணுடைய தட்டு முதல் ஆயிரங் கண்ணுடைய தட்டு வரை பித்தளைச் சல்லடைகள் இருந்தன. செல்வன் முத்தாயினும் ஏழை முத்தாயினும் அதே கண்வழிதான் விழுந்தது. ஆளுக்கொரு சல்லடை வைத்த வணிகன் அக் கரையில் நிலைக்க முடியாது.

செய்தித்தாள்கள் வைத்திருப்பது அத்தகைய சல்லடையா? இல்லை. பெருமுதலாளிக்கும் ஆளுங்கட்சிக்கும் யானை நுழையும் கண். போராடும் மக்களுக்கு ஊசி நுழையாத கண். இந்நிலை மாறுதல் வேண்டும். எவ்வகை விளம்பரத்தை ஏற்போம், எவ்வகையை மறுப்போம் என்பதை ஒவ்வொரு தாளும் முன்னரே எழுதி வெளியிடுதல் வேண்டும். பொய், செய்தி வேடம், ஓரினத்தின் மேலோ சமயத்தின் மேலோ வன்முறையைத் தூண்டல் ஆகியவையே மறுப்புக்குரிய கரணியங்களாதல் வேண்டும். ‘சூடானது’, ‘சர்ச்சைக்குரியது’ என்பவை ஆகா. மறுத்தால் கரணியத்தை எழுத்தில் தருதல் வேண்டும். ஏற்றால், அது விளம்பரம் என்பதும், பணந் தந்தவர் யார் என்பதும் கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் இருத்தல் வேண்டும். தாக்கப்பட்டவர் விடை கொணர்ந்தால் அதே பக்கத்தில், அதே அளவில், அதே கட்டணத்தில் இடந்தருதல் வேண்டும். விடை சொல்லக் காசற்ற மக்களாயின், செய்திப் பக்கத்தில் அவர்கள் சொல்லை அவர்கள் பெயராலேயே வெளியிடுதல் வேண்டும்.

‘விளம்பரங்களுக்கு ஆசிரியர் பொறுப்பல்லர்’ என்று ஒரு மூலையில் பொடி எழுத்தில் அச்சிட்டுவிட்டுத் தப்புவோர் உளர். விளம்பரம் உள்ளிட்ட அனைத்துக்கும் ஆசிரியரே பொறுப்பு என்பது இந்திய இதழியல் மன்றத்தின் நெறி. பொறுப்பேற்காவிடின் அதனை முன்கூட்டியே வெளிப்படக் கூறல் வேண்டும் என்பதும் அந் நெறியே. சட்டப் பொறுப்பை ஒருவரி துடைக்கலாம். அறப் பொறுப்பைத் துடைக்குமோ? கடைக்காரன் நஞ்சை விற்றுவிட்டு, ‘புட்டியில் உள்ளதற்கு யான் பொறுப்பல்லேன்’ என்றால் ஊர் ஏற்குமோ?

‘தாள் நடத்துவது வணிகம்; காசின்றி எப்படி நடத்துவது?’ என்னும் கேள்வியில் ஓரளவு மெய் உண்டு. தாளின் விலையைக்கொண்டு மட்டும் பெருநாளிதழ் எதுவும் இன்று நடவாது. அதனாலேயே பொறுப்பிற் பாதி படிப்போர்மேல் விழுகின்றது. முகப்பை விற்ற தாளை மறுநாளும் வாய்மூடி வாங்குபவன், அவ் விற்பனையிற் பங்காளி ஆகின்றான். செய்தி வேடமிட்ட விளம்பரத்தைக் கண்டால் ஆசிரியர்க்கு ஒரு மடல் எழுதுங்கள்; பதினாயிரம் மடல்களை எந்த விளம்பரப் பிரிவும் பொருட்படுத்தாமல் இருக்க முடியாது. காசுக்கு விலைபோகாத சிற்றிதழ்கள் தமிழ்நாட்டில் இன்றும் மூச்சுத் திணறி வாழ்கின்றன. அவற்றின் ஆண்டுக் கட்டணத்தைக் காலத்தில் செலுத்துங்கள். தூத்துக்குடி மீனவன் சொல்லும் உப்பளத்தாள் சொல்லும் விலையின்றி அச்சேறும் இடங்கள் அவைதாம்.

சிதம்பரனார் 25 உருபாப் பங்குகளைப் பொதுமக்களிடம் விற்றுக் கடலிற் கப்பல் விட்டார். கப்பலைவிடத் தாள் பெரிதன்று. பத்துப் பத்து உருபாவாகச் சேர்த்தாலும் தமிழர் தமக்கென ஒரு நாளிதழை நடத்தலாம். அதன் வாயிலில், எவர்க்கும் ஒரே கண்ணுடைய சல்லடையை மாட்டலாம். பிறர் தாள் திறக்குமென்று வாயிலிற் காத்து நிற்கும் இனம், பேசும் உரிமை பெற்ற இனமாகாது!